மாத்திரை முடிந்த மூன்றாம் நாளே மறுபடி உதிரப்போக்கு, பயப்படணுமா?

கேள்வி:
எனக்கு 38 வயது, திண்டுக்கல் பக்கம் ஆசிரியை. ஒரு வருடமாகவே மாதவிடாய் 10, 12 நாள் என்று இழுத்துக்கொண்டிருந்தது. போன மாதம் 19 நாள். சமையலறைக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வந்தேன். கிட்டத்தட்ட மூன்று வரிசை நிறைந்துவிட்டது. வகுப்பில் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக் கரும்பலகையில் எழுதவே கூச்சமாக இருந்தது.

டாக்டர் முதலில் கர்ப்பம் இல்லை என்று பார்த்துக்கொண்டார். ஸ்கேனில் கட்டி இல்லை, கருப்பைச் சவ்வு மட்டும் தடித்திருக்கிறது. தைராய்டு சரி. ஹீமோகுளோபின் 8.6, ரத்தசோகை. நோரெத்திஸ்டிரோன் 5 மி.கி., தினம் மூன்று வேளை, 10 நாள் எழுதினார். மூன்றாம் நாளே நின்றுவிட்டது. அந்த ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன். மாத்திரை முடிந்து மூன்றாம் நாள், அதாவது நேற்று, மறுபடி ஆரம்பித்துவிட்டது, அதுவும் கட்டி கட்டியாக. மருந்து கேட்கவில்லையா? "கோயில் விசேஷத்துக்குத் தள்ளிப்போட வாங்குவோமே, அந்த மாத்திரைதானே இது" என்கிறார் மாமியார். மாத்திரை அதேதான்.

பதில் 1:
மருந்து கேட்கவில்லை என்று அர்த்தமில்லை, தங்கச்சி. நான் மகப்பேறு வார்டில் செவிலியர். முட்டை வெளியாகாத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் சவ்வை வளர்த்துக்கொண்டே போகும், அது அங்கங்கே உதிர்ந்து நாள் கணக்கில் போகும். மாத்திரை அந்தப் புரோஜெஸ்டிரோன் வேலையைச் செய்து சவ்வைப் பிடித்துவைக்கிறது. நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் மொத்தமாக உதிரும். இதுதான் உனக்கு வந்திருப்பது. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கும். விசேஷத்துக்குத் தள்ளிப்போடும்போதும் நடப்பது இதேதான்.

ஆனால் மணிக்கு ஒரு நாப்கின் நனைந்து, அப்படியே இரண்டு மணி நேரம் போனாலோ, தலை சுற்றினாலோ காத்திருக்காதே. ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. 8.6க்கு இரும்புச்சத்து மாத்திரை கட்டாயம், டீயோடு சேர்த்துப் போடாதே.

பதில் 2:
எனக்கும் இப்படித்தான், அக்கா. மாதம் 10 நாள் என்று மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டேன். நிறுத்தியதும் பழையபடி வந்துவிட்டது. சவ்வில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்துவிட்டு, கருப்பைக்குள் ஹார்மோன் சாதனம் வைத்தார்கள். முதல் நான்கு மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தது. எடுத்துவிடலாம் என்றுகூட அழுதேன். இப்போது மாதத்தில் இரண்டு நாள், லேசாக.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஐந்தாம் நாள் குறைந்து, ஆறாம் நாள் நின்றுவிட்டது. வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறேன். சவ்வுப் பரிசோதனை எனக்கும் வேண்டுமா என்று கேட்கப்போகிறேன், காலண்டரையும் கழற்றி எடுத்துப் போகிறேன். அக்கா, இரும்பு மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகிறதே, அது சரிதானா?

பதில் 1:
அது இரும்பால் வருவதுதான், பயப்படாதே. எலுமிச்சைச் சாறோடு போடு, உடம்பில் நன்றாகச் சேரும்.