கேரளா ஸ்டோரி: 32,000 என்ற எண்ணை யாருமே ஏன் கேட்கவில்லை?

தாமிரபரணி:
'தி கேரளா ஸ்டோரி'க்கு 2025இல் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது கொடுத்ததிலிருந்து பழைய சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. படம் நல்லதா கெட்டதா என்பது இருக்கட்டும், நான் கேட்பது வேறு. 2022 நவம்பரில் வந்த டீசரில், கேரளத்தில் 32,000 பெண்கள் மதம் மாற்றப்பட்டு சிரியா, ஏமன் பாலைவனங்களில் புதைந்துபோனதாகச் சொன்னார்கள். 2023 மே மாதம் படம் வெளியாகும் சமயத்தில் யூடியூப் குறிப்பில் அது மூன்று பெண்களின் கதையாகிவிட்டது. நடுவில் ஆறு மாதம் அந்த எண் டிவி விவாதங்களிலும் வாட்ஸ்அப்பிலும் ஓடிக்கொண்டே இருந்தது. எத்தனை நெறியாளர்கள் "இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார்கள்? இதை வெறும் கவனக்குறைவு என்று என்னால் நம்ப முடியவில்லை.

கருவேலன்:
ஊடகத் திரிப்பு என்றால் முதலில் நம் ஊரைப் பாருங்கள் அண்ணா. 2023 மே 5 அன்று தமிழ்நாட்டில் 19 மல்டிபிளக்ஸ்களில் படம் வந்தது. சென்னை அண்ணாநகரில் நாம் தமிழர் கட்சியின் போராட்டம். மே 7 முதல் எங்கும் காட்சி இல்லை. உச்ச நீதிமன்றத்தில் மாநில அரசு என்ன சொன்னது? தடையே விதிக்கவில்லை, தெரிந்த நடிகர்கள் இல்லை, கூட்டம் வரவில்லை, உரிமையாளர்களே எடுத்துவிட்டார்கள் என்றது. அதே அரசுதான் 21 தியேட்டர்களுக்கு 965 போலீசாரைப் போட்டதாகவும் சொன்னது. தியேட்டர்காரர்கள் அப்போது சட்டம் ஒழுங்கையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். மற்ற மாநிலங்களில் 200 கோடிக்கு மேல் வசூலித்த படத்துக்குச் சென்னையில் இரண்டே நாளில் ஆளில்லாமல் போய்விட்டது என்பதை நம் சேனல்கள் ஏன் துருவிக் கேட்கவில்லை?

மழைக்குருவி:
ஹிந்திப் படம், இங்கே யாருக்கும் பழகாத முகங்கள். கூட்டம் வராததில் அப்படி என்ன அதிசயம்?

கருவேலன்:
அப்படியென்றால் ஒரு வாரம் ஓடித் தானாகவே போயிருக்கும். இரண்டாம் நாளே எல்லாரும் சேர்ந்து எடுப்பானேன்?

ஓடைக்கரை:
தாமிரபரணி கேட்ட கணக்குக்கு வருகிறேன். இயக்குநர் சுதீப்தோ சென்னே பேட்டியில் விளக்கியிருக்கிறார். ஆண்டுக்கு 2,800 முதல் 3,200 பெண்கள் வரை மதம் மாறுவதாக முன்னாள் முதல்வர் உம்மன் சாண்டி சட்டமன்றத்தில் சொன்னாராம். பத்தாண்டுக்குப் பெருக்கினால் 32,000. ஆனால் 2012இல் சாண்டி சபையில் வைத்த கணக்கு வேறு. 2006 முதல் அதுவரை இஸ்லாத்துக்கு மாறிய இளம்பெண்கள் மொத்தம் 2,667 பேர். ஏறத்தாழ ஆறு ஆண்டின் மொத்தக் கணக்கை ஓராண்டுக் கணக்காக்கிப் பத்தால் பெருக்கியிருக்கிறார்கள். மதம் மாறிய ஒவ்வொருவரும் ஐஎஸ் தீவிரவாத அமைப்பின் முகாமுக்குப் போனதாக வேறு வைத்துக்கொண்டார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் 2020ஆம் ஆண்டு அறிக்கை, ஐஎஸ்ஸோடு தொடர்புள்ள இந்திய வம்சாவளியினராக அறியப்பட்டவர்கள் ஆண்களும் பெண்களுமாக மொத்தமே 66 பேர் என்கிறது. சட்டமன்றப் பதிவை எடுத்துப் பார்க்க ஒரு நிருபருக்கு அரை நாள் போதும். ஆல்ட் நியூஸ் போன்ற உண்மை சரிபார்ப்புத் தளங்கள் செய்தும் காட்டின. பெரிய சேனல்கள் அதையாவது எடுத்துப் போட்டிருக்கலாமே.

கருவேலன்:
எண் தப்பு, சரி. அதற்காக நடந்ததே இல்லை என்று ஆகிவிடுமா? 2016இல் காசர்கோடு, பாலக்காடு பக்கத்திலிருந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஐஎஸ்ஸில் சேர ஆப்கானிஸ்தானுக்குப் போனார்கள். அதில் நான்கு பெண்கள் கணவர்களை இழந்து, குழந்தைகளோடு காபூல் சிறையில் கிடந்தார்கள். அந்தத் தாய்மார்களின் கண்ணீரை எந்த முற்போக்கு ஊடகம் தொடர்ந்து எழுதியது?

மழைக்குருவி:
அந்த நான்கு பேரின் கதையை நான்கு பேரின் கதையாகவே எடுத்திருந்தால் நானே டிக்கெட் வாங்கியிருப்பேன் கருவேலன் சார். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். நான் கோவையில் வேலை பார்க்கிறேன், கூட இருப்பவர்களில் பாதிப் பேர் மலையாளிகள். படம் வந்த மாதம் எங்கள் ஹாஸ்டலில் தட்டம் (தலையை மூடும் துணி) போட்ட ஒரு பெண்ணிடம், "உங்கள் ஊரில் இப்படித்தான் ஆள் பிடிப்பார்களாமே?" என்று சாப்பாட்டு மேசையிலேயே கேட்டார்கள். கேட்டவர் படம் பார்க்கவில்லை. ஃபார்வர்டில் வந்த எண்ணை மட்டும் பார்த்திருந்தார்.

ஓடைக்கரை:
அது கொடுமை. ஆனாலும் படத்தை நிறுத்தியதில் நான் கருவேலன் பக்கம். 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் வழக்கு நம் ஊரிலிருந்து போனதுதான். போராட்டம் வரும், வன்முறை வரும் என்று காரணம் காட்டிக் கருத்துரிமையை அடக்க முடியாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை என்று 1989இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2013இல் 'விஸ்வரூப'த்துக்கு 31 மாவட்டங்களில் 144 போட்டபோது கொதித்த பலர் 2023இல் வாய் திறக்கவில்லை. எனக்குப் பிடிக்காத படத்துக்கும் அதே தீர்ப்புதான்.

தாமிரபரணி:
தியேட்டரிலிருந்து எடுத்ததை நானும் ஏற்கவில்லை. ஆனால் அதையும் இந்தப் பொய் எண்ணுக்குக் கிடைத்த ஆதரவையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். படம் வந்த அன்றே கர்நாடகத் தேர்தலுக்காக பெல்லாரியில் பேசிய பிரதமர் இதைப் பாராட்டினார். வாக்குப்பதிவு மே 10. மத்தியப் பிரதேசமும் உத்தரப் பிரதேசமும் வரிவிலக்குக் கொடுத்தன. மே 18 அன்று உச்ச நீதிமன்றம் மேற்கு வங்க அரசு படத்துக்குப் போட்ட தடையை நிறுத்தி வைத்தபோது, 32,000க்கு நம்பகமான தரவு இல்லை, இது கற்பனை கலந்தது என்று படத்தில் கார்டு போடுவதாகத் தயாரிப்பாளர் தரப்பு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்குள் படம் இரண்டு வாரம் ஓடிவிட்டது. கார்டு போட்ட செய்தியை எத்தனை சேனல்கள் டீசர் அளவுக்குக் காட்டின? அப்புறம் 2024 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் நேரத்தில், தூர்தர்ஷனே ஒளிபரப்பியது. கேரளத்தில் இடதுசாரிகளும் காங்கிரசும் ஒரே குரலில் எதிர்த்தும் நிறுத்தவில்லை.

கருவேலன்:
தேர்தல் நேரத்தில் படம் போடாத கட்சி எது அண்ணா? ஒரு தரப்பின் பிரச்சாரம் மட்டும் உங்களுக்குச் சதியாகத் தெரிகிறது.

தாமிரபரணி:
கட்சி தன் காசில் போடட்டும், நான் கேட்க மாட்டேன். தூர்தர்ஷன் உங்கள் வரிப்பணத்திலும் என் வரிப்பணத்திலும் ஓடுவது. தரவு இல்லை என்று தயாரிப்பாளரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட படத்துக்கு அரசு விருதும் கொடுத்திருக்கிறது. எந்த அடிப்படையில் என்று விருதுக்குழுவிடம் கேட்ட ஒரு பேட்டி இருந்தால் இங்கே போடுங்கள், படிக்கிறேன்.