பூசுவதா, புதுக்குவதா? குளியலறை அலமாரிக்கு ஒரு கலைச்சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பெயிண்ட் அடித்த பழைய குளியலறை அலமாரியைச் சீராக்கிப் புதிதாக்கும் வேலையை ஒப்பந்தக்காரர்கள் ‘ரீஃபினிஷிங்’ என்கிறார்கள். அதற்கு நம் கலைச்சொல் குழுமத்தில் மறுபூச்சு, மீள்மெருகூட்டல், உரிபூச்சு என மூன்று தமிழ்ச் சொற்கள் இதுவரை முன்வந்திருக்கின்றன. மறுபூச்சுக்கே ஆதரவு அதிகம் என்று தெரிகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இலக்கணத்தில் குறை காணவில்லை. கூலிக் கணக்கில்தான் இடிக்கிறது.

களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் எந்தப் பெயிண்டரிடமும் “மறுபடி பூச எவ்வளவு ஆகும்?” என்று கேட்டுப் பாருங்கள். இருக்கிற பூச்சின்மேல் இரண்டு கோட் அடிக்க விலை சொல்வார். அவர்மேல் தவறில்லை, கேட்டதற்குத்தான் சொன்னார். ஆனால் அடியில் இருப்பது பளபளக்கும் எண்ணெய் எனாமலாகவும் மேலே அடித்தது தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக்காகவும் இருந்தால் வந்தது வினை. கைப்பிடியைச் சுற்றியும் கதவின் கீழ்விளிம்பிலும் முதலில் சிறு கொப்புளம் எழும். நகத்தால் நெம்பினால் முழங்கை நீளத்துக்குச் சவ்வாக உரிந்து வரும்; அடியில் பழைய எனாமல் கீறல்கூட இல்லாமல் மின்னிக்கொண்டிருக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்கிற குமரி மாவட்டத்தில், வெந்நீர் ஆவியும் சேரும் குளியலறையில் இதற்கு அதிக காலம் பிடிக்காது.

ஆக, இந்த வேலையின் உயிர் பூசுவதில் இல்லை, அதற்கு முந்தைய உழைப்பில் இருக்கிறது. சோப்புப் படிவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் கழுவ வேண்டும். கதவைக் கழற்றிக் கிடத்த வேண்டும். பழைய பூச்சு எந்த வகை என்று பார்க்க, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தேய்த்தால் போதும்: அக்ரிலிக் என்றால் இளகி நிறம் பஞ்சில் ஏறும், எனாமல் அசையாது. பிறகு பொருக்கைச் சுரண்டி, சொரசொரப்பான 120ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி நைசான 220இல் முடித்து, குழிகளை அடைக்கப் பட்டிப் பசை வைத்து, மறுபடி தேய்த்து, தூசியைத் துடைத்த பிறகே பிரைமர் என்ற அடிப்பூச்சு. மறுபூச்சு என்ற சொல் இவை அனைத்தையும் விழுங்கிவிடுகிறது.

தேய்ப்பைச் சொல்லாமல் விடுவதில் ஆபத்தும் உண்டு. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலரத் தேய்த்தால் பறக்கும் தூசியில் ஈயம் இருக்கலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் நீர் தெளித்து, முகக்கவசம் கட்டித்தான் தேய்க்க வேண்டும்.

மீள்மெருகூட்டலை நீளமாக மறுக்கத் தேவையில்லை. மெருகு என்பது மரத்தின் ரேகை தெரிய வேண்டிய தேக்குக்கும் ஆஞ்சிலிக்கும் உரியது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து ஏற்றும் பிரெஞ்சு பாலிஷைக் குளியலறையில் போட்டால் நீர் பட்ட இடமெல்லாம் வெளுத்துவிடும்.

உரிபூச்சு கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வினைத்தொகை ஆயிற்றே! உரிந்த பூச்சு, உரிகின்ற பூச்சு, உரியும் பூச்சு என்று முக்காலமும் உரிந்துகொண்டே இருக்கும். இதை விலைப்பட்டியலில் அச்சிட்டால் முன்பணம் யார் தருவார்?

நான் முன்வைப்பது ‘பூச்சுப் புதுக்கம்’. வினையாக, ‘பூச்சைப் புதுக்குதல்’. வீட்டைப் புதுக்குகிறோம் என்றால் சிதைந்ததை நீக்கி, நல்லதை வைத்துக்கொண்டு செய்கிறோம் என்றுதானே பொருள்? இங்கும் மரம் நிற்கிறது, பூச்சு மாறுகிறது.

துணைச்சொற்களில் ஒன்றே ஒன்றுக்கு அவசரத் தேவை இருக்கிறது. தொட்டால் கையில் ஒட்டாத நிலையையும், அடுக்கினால் தடம் பதியாத அளவுக்குக் கெட்டிப்பட்ட நிலையையும் நாம் ‘காய்தல்’ என்றே சொல்கிறோம். முதலாவது சில மணி நேரத்தில் வந்துவிடும், இரண்டாவதற்கு வாரக்கணக்கில் ஆகும். முன்னதைக் காய்தல் என்றும் பின்னதை இறுகுதல் என்றும் பிரித்துக்கொள்ளலாம். உப்புத்தாளுக்குப் பதிலாகத் ‘தேய்தாள்’ என்ற பரிந்துரையை மட்டும் அருள்கூர்ந்து கைவிடுங்கள். கேரள எல்லை தாண்டிப் பாறசாலையில் அது உரக்கடலாஸ், இப்பக்கம் உப்புத்தாள். கடைக்காரருக்கு இரண்டும் புரியும், தேய்தாள் புரியாது.

அன்புடன்,
குழித்துறையிலிருந்து

— — —

ஐயா, வணக்கம்.

சொல் பிடித்திருக்கிறது. ஒரு சந்தேகம். பழைய பூச்சு நன்றாகப் பிடித்திருந்தால் மரம் தெரியச் சுரண்டுவதில்லை. பளபளப்பு மங்கும்வரை தேய்த்துவிட்டுப் பிரைமர் அடிக்கிறோம். இங்கே சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பெரும்பாலான வேலை இப்படித்தான். பழையது உள்ளேயே இருக்கும்போது அதையும் புதுக்கம் என்பீர்களா?

பாலக்காட்டுத் தமிழன்

— — —

தம்பி, நல்ல கேள்வி. என்பேன். பழையது முழுக்கப் போக வேண்டும் என்பது நிபந்தனை இல்லை; புதியது பற்றிக்கொள்ளச் சொரசொரப்பு ஏற்ற வேண்டும் என்பதே நிபந்தனை. தேய்ப்பு இருந்தால் பூச்சுப் புதுக்கம், இல்லாவிட்டால் மறுபூச்சு. மரம் தெரியுமளவுக்குப் போனால் ‘முழுப் புதுக்கம்’ என்று எழுதி, கூலியையும் தனியாகப் பேசிக்கொள்ளலாம். மறுப்பு வராவிட்டால் விக்சனரி என்ற இணைய அகராதியில் மறுபூச்சையும் புதுக்கத்தையும் தனித்தனிப் பதிவாக இட்டுவிடுகிறேன். கதவில் இருப்பது கீலா, விஜாகிரியா என்பதை வேறு இழையில் வைத்துக்கொள்வோம்; அதற்கு எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி.