பிளானர் சொன்ன 1600 கலோரி: எடை குறைத்தவர்களின் அனுபவங்கள்

காலைநடை:

எதை, எவ்வளவு சாப்பிடலாம் என்று பட்டியல் போட்டுத் தரும் செயலிதான் மீல் பிளானர். ஆறு வாரம் ஒரு வேளை கூடத் தவறாமல் அது போட்டுக் கொடுத்தபடியே சாப்பிட்டேன். முதல் வாரம் ஒரு கிலோ இறங்கியது. அப்புறம் எடைக்கருவியின் முள் அசையவே இல்லை. "500 கலோரி குறைத்திருக்கிறோம், வாரம் அரைக் கிலோ இறங்கும்" என்று திரையில் பச்சை எழுத்தில் தினமும் வந்துகொண்டே இருந்தது. என் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டி, தைராய்டு பரிசோதனைக்குப் போகும் அளவுக்கு மனம் சோர்ந்துவிட்டது. பரிசோதனையில் எல்லாம் சரியாகவே இருந்தது.

பிறகுதான் ஒரு நாள் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இத்தகைய பிளானர்கள் பலவும் 1990-இல் வெளியான மிஃப்லின் - செயின்ட் ஜியோர் சமன்பாட்டைத்தான் பயன்படுத்துகின்றன. கணக்கு எளிது. எடையை 10-ஆல் பெருக்க வேண்டும், செ.மீ. உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும், வயதை 5-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். கடைசியில் பெண் என்றால் 161-ஐக் கழிக்க வேண்டும், ஆண் என்றால் 5-ஐக் கூட்ட வேண்டும். அப்போது எனக்கு வயது 42, உயரம் 158, எடை 74. விடை ஏறத்தாழ 1357 கலோரி. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் உடம்பு செலவழிப்பது இவ்வளவு.

இதை நம் உழைப்புக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்குகிறார்கள். நான் தவறியது அங்கேதான். வீட்டு வேலை முழுவதும் நானே செய்கிறேன், மாலையில் இருபது நிமிடம் நடக்கிறேன். அதனால் "நடுத்தர உழைப்பு" என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அதன் பெருக்கெண் 1.55, ஆக 2100 கலோரி. அதில் 500 கழித்துத்தான் பிளானர் எனக்கு 1600 கொடுத்திருந்தது. ஆனால் நான் எட்டு மணி நேரம் கணினி முன் உட்கார்ந்திருப்பவள். உட்கார்ந்த வேலைக்கான எண் 1.2. அதன்படி என் ஒரு நாள் செலவே 1628 கலோரிதான்! உடம்பு செலவழிப்பதையே அப்படியே திருப்பிச் சாப்பிட்டுக்கொண்டு, எடை ஏன் குறையவில்லை என்று ஆறு வாரம் அழுதிருக்கிறேன்.

முதல் வாரம் போன அந்த ஒரு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பில் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் கிளைக்கோஜன் கரைகிறது, அந்தத் தண்ணீரும் கூடவே போய்விடுகிறது. முதல் வாரத்து எண்ணைப் பார்த்துத் துள்ளிக் குதிக்காதீர்கள், நான்காவது வாரத்து எண்ணைப் பார்த்து உடைந்தும் போகாதீர்கள்.

உழைப்பு அளவை மாற்றி, நாளுக்கு 1330 கலோரி என்று வைத்துக்கொண்டேன். செலவைவிட 300 குறைவு. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7700 கலோரி என்பது பொதுக் கணக்கு. அடுத்த இரண்டு மாதத்தில் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் இறங்கியது. ஒன்பது மாதம் ஆகிறது, இப்போது 67 கிலோ. படியேறும்போது முழங்கால் வலி இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

சமையலறைத்தராசு:

காலைநடை அக்கா, உங்களுக்கு நேர் எதிராக நடந்தது எனக்கு. பன்னிரண்டு நாள் பட்டினி கிடந்தேன்.

பிளானர் மதியத்துக்கு "அரிசி 60 கிராம்" என்று போட்டிருந்தது. புதிதாக வாங்கிய தராசில் தட்டை வைத்து, முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, வடித்த சோற்றை அளந்து வைத்தேன். மூன்று கரண்டி கூட வரவில்லை. தட்டின் நடுவில் ஒரு சின்னக் குவியல், சுற்றிலும் வெறும் தட்டு. இரவிலும் அப்படியே. மூன்றாம் நாளே தலைவலி ஆரம்பித்தது. ஐந்தாம் நாள் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு மனைவியிடம் கத்தினேன். பன்னிரண்டாம் நாள் இரவு எழுந்து, இருந்ததையெல்லாம் சாப்பிட்டேன்.

பிறகு மனைவிதான் கேட்டாள், "அது வேகாத அரிசிக் கணக்காக இருக்கப் போகிறது, பார்த்தீர்களா?" பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. வேகாத அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 360 கலோரி, அதே 100 கிராம் சோற்றில் 130. வேகும்போது தண்ணீரைக் குடித்து எடை கூடுவதால் வரும் வித்தியாசம் இது. 60 கிராம் அரிசி வெந்தால் 160 கிராமுக்கு மேல் சோறு வரும். எனக்குக் கிடைக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் சாப்பிட்டிருக்கிறேன்.

பயறு, ஓட்ஸ், பாஸ்தா எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இறைச்சிக்குத் தலைகீழ், வேகும்போது தண்ணீர் வெளியேறி எடை குறையும். உணவின் பெயருக்குப் பக்கத்தில் சமைத்ததா சமைக்காததா என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கலோரி எண்ணைப் பாருங்கள். அரிசி, பயறு போன்றவற்றில் 100 கிராமுக்கு 350 பக்கம் இருந்தால் அது சமைக்காதது.

எண்ணெயையும் அளந்து ஊற்றுங்கள். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மி.லி., கிட்டத்தட்ட 120 கலோரி. நான் பாட்டிலிலிருந்து நேராக ஊற்றிவிட்டு "ஒரு கரண்டி" என்று பதிந்துகொண்டிருந்தேன். அளந்து பார்த்தபோது இரண்டரை வந்தது. 1992-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. குறைவாகச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்றவர்களைச் சோதித்தார்கள். சராசரியாகப் பார்த்தால், உண்மையில் சாப்பிட்டதைவிட 47 சதவீதம் குறைத்தே கணக்குச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பாட்டிலிலிருந்து ஊற்றினால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

மூத்தமகள்:

எல்லோரும் தங்கள் அனுபவத்தைச் சொல்கிறீர்கள். நான் அப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன், தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

அப்பாவுக்கு 66 வயது, பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். எடை குறைத்தால் நல்லது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டு நானே ஆசையாக ஒரு பிளானரில் அவர் பெயரைச் சேர்த்தேன். "உங்களுக்கு நோய் ஏதும் உண்டா" என்ற பக்கத்தில் "தவிர்" என்று ஒரு பொத்தான் இருந்தது. அவசரத்தில் அதை அழுத்திவிட்டேன். அது மாவுச்சத்தைப் பாதியாகக் குறைத்து ஒரு பட்டியல் தந்தது. அப்பா ஒழுங்கானவர், அப்படியே பின்பற்றினார். மாத்திரையையும் வழக்கம்போல் போட்டுக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணி. நாளிதழைப் பிடித்திருந்த கை நடுங்கியது. சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்வை. "என்னப்பா செய்கிறது?" என்று கேட்டேன், பதில் குழறியது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தேன். 84 வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அப்பா போடும் கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. சாப்பாடு குறைந்தது அதற்குத் தெரியாது. இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இப்படி ஆவது அரிது. மருத்துவர் திட்டவில்லை. மாத்திரை அளவைக் குறைத்துவிட்டு, "அடுத்த முறை சாப்பாட்டை மாற்றும் முன்பே என்னிடம் வாருங்கள்" என்றார். இரத்த அழுத்த மாத்திரையையும் எடை இறங்க இறங்கப் பார்த்து மாற்ற வேண்டியிருக்கும் என்றார். அதே பிளானரை இப்போதும் பயன்படுத்துகிறோம், மருத்துவர் பார்த்துத் திருத்திய பட்டியலோடு. அப்பா ஐந்து மாதத்தில் 4 கிலோ குறைந்திருக்கிறார்.

இரவுப்பணி:

சுருக்கமாகச் சொல்கிறேன். என் பிளானர் வாரத்துக்கு 21 வேளை, 21 விதமான உணவு என்று போட்டுக் கொடுத்தது. பார்க்க அழகு. வாங்கி வைத்த கீரையும் காயும் பாதி அழுகிப்போயின. சமைக்கவே ஒரு நாளில் இரண்டரை மணி நேரம் போனது. இரவுப்பணி முடித்து வந்து யாரால் முடியும்? அமைப்புகளில் "உணவைத் திரும்ப வரவிடு" என்று ஒரு தேர்வு இருந்தது. இரண்டு காலை உணவு, நான்கு முக்கிய உணவு, அவ்வளவுதான். காலை, மதியம், இரவு என்ற பெயர்களையும் அழித்துவிட்டு, வேலைக்கு முன், இடைவேளை, தூங்குமுன் என்று மாற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் தொடர முடிந்தது.

வெண்மணல்:

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எனக்கு எடை குறைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. 160 செ.மீ. உயரம், 55 கிலோ. ஆனாலும் 46 என்று இலக்கு போட்டேன், பிளானர் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது. 800 கலோரிக்கு இறங்கினேன். நாள்தோறும் ஒரு பதக்கப் படம் வரும். தோழி வீட்டில் கொடுத்த ஒரு துண்டுப் பழத்தைப் பதிய முடியாது என்பதால், "வயிறு சரியில்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன். தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. மாதவிடாய் நான்கு மாதம் நின்றது. அம்மா கையைப் பிடித்து மருத்துவரிடம் கூட்டிப்போனார். இப்போது மனநல ஆலோசகர், உணவியல் நிபுணர் இருவரையும் பார்க்கிறேன். பிளானரை நீக்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. எண்ணைப் பதியாமல் ஒரு வாய் சாப்பிடப் பயமாக இருக்கிறது என்றால், அன்றே யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

காலைநடை:

வெண்மணல், எழுதியதற்கு நன்றிம்மா. என் மகளுக்கும் இதைக் காட்டப் போகிறேன். மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் பெண்கள் 1200-க்குக் கீழும் ஆண்கள் 1500-க்குக் கீழும் போகக் கூடாது என்று எனக்கும் உணவியல் நிபுணர் சொல்லியிருக்கிறார். இலக்கைப் போடும்போதே பிளானர் அதைச் சொல்லித் தடுத்திருக்க வேண்டும்.

மூத்தமகள், நானும் அந்தத் "தவிர்" பொத்தானை அழுத்தியவள்தான். இன்று திரும்பப் போய் நிரப்பிவிட்டேன்.

கடந்த மூன்று வாரமாக என் எடை மறுபடி நின்றிருக்கிறது. இந்த முறை அழவில்லை, காகிதத்தை எடுத்தேன். 67 கிலோவுக்கும் 43 வயதுக்கும் கணக்குப் போட்டால் ஒரு நாள் செலவு 1538 கலோரிதான் வருகிறது, முன்பைவிட 90 குறைவு. பிளானரில் இன்னும் பழைய 74 கிலோவே இருக்கிறது. நாளைக் காலை எடை பார்த்துவிட்டு அதை மாற்றுகிறேன். சாப்பாட்டை இதற்குமேல் குறைக்கப் போவதில்லை, நடையைத்தான் நாற்பது நிமிடமாக்கப் போகிறேன். நான்கு வாரம் கழித்து எண்ணோடு வருகிறேன்.