பசுமைப் புரட்சியின்போது மத்திய விவசாய மந்திரியாக இருந்த சி.எஸ். (சி. சுப்ரமணியம்) பெயரை யார் வாயால் கேட்டீர்கள்? – அனுபவப் பகிர்வு

திருப்பூர் நூல்கடை:
நூல் விஷயமாக லூதியானா போனபோது நடந்தது. கணக்கு முடிந்து கிளம்பும் நேரம், கட்டிலில் உட்கார்ந்திருந்த கடைக்காரரின் அப்பா எந்த ஊர் என்று கேட்டார். கோயம்புத்தூர்ப் பக்கம் என்றேன். "சுப்ரமணியம் ஊரா?" என்று எழுந்து வந்து கையைப் பிடித்தவர் விடவே இல்லை. 1966இல் மெக்சிகோவிலிருந்து வந்த 18,000 டன் விதைக் கோதுமையில் கொஞ்சம் அவர்கள் நிலத்துக்கும் வந்ததாம். லெர்மா ரோகோ என்ற ரகப் பெயரைக்கூட மறக்கவில்லை. பயிர் குட்டையாக நின்றதைப் பார்த்து ஊரே சிரித்ததாம். களத்தில் அளந்தபோது ஒருத்தரும் சிரிக்கவில்லையாம். மந்திரி டெல்லியில் தன் பங்களாப் புல்வெளியை உழுது அதே கோதுமையை விதைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி சொன்னார். அப்புறம், "உங்கள் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றி என்ன சொல்வீர்கள்?" என்றார். நான் டீயைக் குடித்தேன். என் பையனுக்கு அவரைக் காசில்தான் தெரியும், 2010இல் நூற்றாண்டுக்கு வந்த அந்த அஞ்சு ரூபாயில்.

பொள்ளாச்சி தென்னந்தோப்பு:
எங்கள் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. செங்குட்டைப்பாளையத்தில் பிறந்தவர், 42இல் ஜெயிலுக்குப் போனவர், அரசியல் நிர்ணய சபையில் இருந்தவர், எல்லாம் சரி. என் அம்முச்சிக்கு (அம்மாவின் அம்மா) 1965 பிப்ரவரி 12 மட்டும்தான். இந்தி எதிர்ப்பில் பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்த நாள். புண்ணாக்கு வாங்கப் போன அவருடைய அண்ணன், வண்டியையும் மாட்டையும் அங்கேயே விட்டுவிட்டு நடுராத்திரி நடந்தே வந்து சேர்ந்தாராம். ஒரு கல்யாணத்தில் யாரோ மைக்கைப் பிடித்து, நம்ம மண்ணுக்கு 1998இல் பாரத ரத்னா வந்தது என்று ஆரம்பித்தார். அம்முச்சி பந்தியில் இருந்தபடியே, "அன்னிக்குச் சுட்டதையும் மைக்குல சொல்லு சாமி" என்றார். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பேசியவர் மாப்பிள்ளை வீட்டாரை வாழ்த்திவிட்டு இறங்கிவிட்டார்.

கோபி வாய்க்கால்மேடு:
பொள்ளாச்சித் தம்பி, ஒரேயடியாக அவர் தலையில் கட்டாதீர்கள். அப்போது இங்கே ஆட்சி முதல்வர் பக்தவத்சலத்துடையது. மத்திய மந்திரிகளான சி.எஸ்ஸும் ஓ.வி. அழகேசனும் முந்தின நாளே ராஜினாமா கொடுத்தாயிற்று. அதற்கு முன்னால் 1954ஐயும் பாருங்கள். ராஜாஜி விலகியதும் தலைமைக்குக் காமராசரை எதிர்த்து நின்று தோற்றவர் இவர். தோற்றவரையே காமராசர் கல்வி மந்திரியாக வைத்துக்கொண்டார், குலக்கல்வித் திட்டத்தைக் கைவிடும் அறிவிப்பும் இவர் வாயாலேயே வந்தது. இப்போது யாராவது அப்படி வைத்துக்கொள்வார்களா?

என் கதை சின்னது. 1967இல் அவர் எங்கள் கோபி தொகுதியில் நின்றார். என் அப்பாரு (அப்பாவின் அப்பா) கதர் வேட்டி தவிர வேறு கட்டாதவர். அவர் உதயசூரியனில் குத்திவிட்டு வந்ததை, சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் திருட்டை ஒப்புக்கொள்கிற மாதிரி என் காதில் சொன்னார். ரூபாய்க்கு மூணு படி அரிசி என்றார்கள், வீட்டில் களிக்கே தட்டுப்பாடு, என்ன செய்வது என்றார். அந்தத் தேர்தலில் தோற்றதால், 1968இல் கோதுமைப் புரட்சிக்குத் தபால்தலை வந்தபோது சி.எஸ். மந்திரியாக இல்லை.

அந்தியூர் சந்தை:
எங்கள் மாமா அவரைத் திட்டுவார், தோளில் யூரியா மூட்டையோடு. அவ்வளவுதான் என் அனுபவம். ஆனால் விவசாயம் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மண் பரிசோதனை செய்யாமல் மூட்டை வாங்காதீர்கள். நெல் நடுவதற்கு முன் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதையுங்கள், பூ எடுக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். விட்டால் தண்டு முற்றிவிடும், மட்காது. யூரியாவையும் ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். இலை கரும்பச்சையாக இருந்தால் பெருமைப்படாதீர்கள், பூச்சிக்கு அதுதான் விருந்து. தண்ணீரைக் கட்டியே வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுங்கள்…

திருப்பூர் நூல்கடை:
அண்ணா, எனக்குக் காடே இல்லைங்க. பொள்ளாச்சித் தம்பி, அம்முச்சி நல்லா இருக்காங்களா?

பொள்ளாச்சி தென்னந்தோப்பு:
இருக்கிறார். கோபிக்காரர் எழுதிய ராஜினாமா விஷயத்தைப் படித்துக் காட்டினேன். "அப்புறம் திரும்ப வாங்கிக்கிட்டாரல்ல?" என்றார்.