குழுத் தலைவர் பதவியிலிருந்து மேலே போக எம்பிஏ தேவையா?

கேள்வி: மென்பொருள் சோதனைப் பிரிவில் குழுத் தலைவராக இருக்கிறேன். எம்பிஏ இல்லாமல் அடுத்த படி கிடையாது என்கிறார் என் மேலாளர். அவரிடமே அந்தப் பட்டம் இல்லை என்பது வேறு கதை! வேலையை விட்டுவிட்டு இரண்டு ஆண்டு படிப்பது சரியா?

பதில் 1: முதலில் கணக்கைப் போடுங்கள். கட்டணம் மட்டும் செலவல்ல. இரண்டு ஆண்டுச் சம்பளமும் கடன் வட்டியும் சேர்ந்ததுதான் உண்மையான விலை. கல்லூரிகள் காட்டும் சராசரிச் சம்பளத்தை அப்படியே நம்பாதீர்கள். பெரும் சம்பளம் வாங்கிய நான்கைந்து பேர் போதும், சராசரி எகிறிவிடும். எல்லாச் சம்பளங்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை எண்ணைக் கேளுங்கள். எத்தனை மாணவர்கள் சம்பள விவரம் தந்தார்கள் என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்தக் கல்லூரி வேண்டாம். ஆலோசனை நிறுவனத்துக்கோ முதலீட்டு வங்கிக்கோ துறை மாற விரும்பினால் முழுநேரப் படிப்புக்கு அர்த்தம் உண்டு, அவர்கள் வளாகத்துக்கே வந்து ஆள் எடுக்கிறார்கள். இருக்கும் நிறுவனத்திலேயே உயர்வதற்கு? எனக்கு ஐயம்தான்.

பதில் 2: பணியில் இருப்பவர்களுக்கான எம்பிஏவை சிகாகோ பல்கலைக்கழகம் 1943லேயே தொடங்கிவிட்டது. வேலையை விடாமல் படிக்கலாம். எம்பிஏ சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டின் மதிப்பெண் 5 ஆண்டுகள் செல்லும். தேர்வை இப்போதே எழுதிவிட்டு முடிவை நிதானமாக எடுங்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி. துறை மாறும் எண்ணம் இல்லை. பகுதிநேரப் படிப்பென்றால் நிறுவனம் கட்டணத்தில் பங்கேற்குமா என்று திங்கட்கிழமை மேலாளரிடமே கேட்கப்போகிறேன்.