சைக்கிள் பருவப் புள்ளிப் பட்டியல்: எத்தனை சுற்றுகளைக் கழிப்பது?

எங்கள் நண்பர் குழுவின் சைக்கிள் போட்டி மார்ச் முதல் அக்டோபர் வரை, மாதம் ஒரு சுற்று, மொத்தம் 8. சில சுற்றுகள் ஃபேபர் மலை ஏற்றம், மற்றவை சாங்கி கடலோரச் சாலை. சிங்கப்பூர்ச் சாலையில் இருவர் இருவராகப் போனாலும் ஒரு குழுவில் 10 பேருக்கு மேல் கூடாது என்பதால், தனித்தனியாகப் புறப்பட்டு நேரத்தைக் கணக்கிடுகிறோம்.

முதலிடத்துக்கு 10, அடுத்தவருக்கு 9 என்று இறங்கும் புள்ளிகள்தான் சிக்கல். 5 சுற்றுகளை வென்று, தேசியச் சேவைப் பயிற்சி முகாமால் மூன்றைத் தவறவிட்டவருக்கு 50. எட்டிலும் நான்காவதாக வந்தவருக்கு 56! இதை எப்படி ஒப்புக்கொள்வது?

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் சமதள நாள்களுக்குத் தரும் 50, 30, 20, 18 புள்ளி முறையைப் போட்டுப் பார்த்தோம். முதலாமவர் எட்டாத தூரம் போய்விட, பின்னால் இருந்தவர்கள் வருவதையே நிறுத்திவிட்டார்கள். வருகைக்குத் தனிப்புள்ளி கொடுத்தது இன்னும் மோசம். மெதுவாக ஓட்டுபவர் மேலே ஏறினார்.

இப்போது சிறந்த 6 சுற்றுகளை மட்டும் எண்ணுகிறோம். கணக்கு நேராகிறது, ஆனால் ஆறு நல்ல முடிவுகள் கையில் உள்ளவர் கடைசிச் சுற்றுக்கு வருவதில்லை. கழிக்கும் முறையே அநியாயம் என்பவர்கள் 1988 ஃபார்முலா 1 கார் பந்தயத்தை இழுக்கிறார்கள்: பருவ மொத்தத்தில் ஓட்டுநர்கள் புரோஸ்ட் 105, சென்னா 94, சிறந்த 11 பந்தயங்களை எண்ணியபோது 87-க்கு 90 என்று பட்டம் சென்னாவுக்கு.

முகாமுக்குப் போனவரைத் தண்டிக்காமல், கடைசிச் சுற்றுக்கும் எல்லோரையும் வரவைக்கும் புள்ளி முறையை யாராவது நடத்திப் பார்த்திருக்கிறீர்களா?