வற்றிய நீர்த்தேக்கம் என்று நான் எழுதியது

பதிவு
ஒரு நீர்த்தேக்கத்தின் பரப்பை மாதாமாதம் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் கணக்கிட்டு வந்தேன். என்.டி.டபிள்யூ.ஐ. (நீரைப் பிரித்துக் காட்டும் குறியீட்டு எண்) போட்டு, பூஜ்யத்துக்கு மேலே வருவதெல்லாம் நீர் என்று எடுப்பேன். ஒரு மாதம் பரப்பு பாதியாகிவிட்டது. "வேகமாக வற்றுகிறது" என்று எழுதி அறிக்கையை அனுப்பியும் விட்டேன். 5 நாள் கழித்து வந்த படத்தைத் திறந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. மேற்குக் கரையை ஒட்டி இருந்த பச்சைத் திட்டு மொத்தமாகக் கிழக்குக் கரையில் கிடக்கிறது. தரை நகருமா? அத்தனையும் ஆகாயத்தாமரை, காற்று தள்ளியிருக்கிறது. அடியில் நீர் இருந்தபடியே இருந்திருக்கிறது. அந்தப் பச்சை இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

பதில் 1
இதற்குத்தான் ஒளிப்படத்தை மட்டும் நம்பக் கூடாது என்கிறேன். சென்டினல்-1 செயற்கைக்கோளின் ராடார் மேகத்தைத் தாண்டியும் பார்க்கும், இரவிலும் பார்க்கும். அதை எடுத்திருந்தால் தப்பித்திருப்பீர்கள். ராடாரிலும் எனக்கு ஒரு அனுபவம் உண்டு. அமைதியான நீர் கறுப்பாகத்தானே தெரியும்? ஒரு நாள் பெரிய ஏரியின் நடுப்பகுதி வெளுத்துக் கிடந்தது. தீவு எப்படி வந்தது என்று அரை நாள் தேடினேன். அன்று பலத்த காற்று, அலைதான் காரணம்.

பதில் 2
ராடார் இங்கே காப்பாற்றியிருக்காது. சென்டினல்-1 அனுப்பும் சி-பேண்ட் ரேடியோ அலை அடர்ந்த இலையைத் தாண்டாது, ஆகாயத்தாமரை அதிலும் நிலம் மாதிரியே தெரியும். நான் ஏமாந்தது மலை நிழலில்: குளிர்காலப் படத்தில் அந்த நிழலை நீர் என்று நம்பி, பள்ளத்தாக்கில் இல்லாத ஏரியை வரைந்துவிட்டேன்.

ஒரே படத்தை வைத்துப் பரப்பு சொல்லாதீர்கள். நிரம்பியிருந்த காலத்து எல்லையை முதலில் வரைந்து வையுங்கள். அதற்குள் திடீரென்று பச்சை வந்தால், அடுத்த 2 படங்களில் இடம் மாறுகிறதா பாருங்கள். மாறினால் மிதக்கிறது. மாறாவிட்டால் புல்லாக இருக்கலாம், காற்றில்லாத வாரமாகவும் இருக்கலாம். அப்போது அணையின் நீர்மட்ட அளவைக் கேட்டு வாங்குங்கள். பூஜ்யம் என்ற வரம்பையே எல்லா ஏரிக்கும் வைக்காதீர்கள், கலங்கல் நீரில் அது பொய்க்கும். அப்புறம், சின்னக் குளத்துக்கு லேண்ட்சாட் செயற்கைக்கோள் படம் வேண்டாம். 90 மீட்டர் அகலக் குளம் அதன் 30 மீட்டர் பிக்சலில் குறுக்கே மூன்றுதான், ஓரத்தில் இருக்கும் இரண்டும் கரையோடு கலந்துவிடும்.

பதில் 3
பதிவு போட்டவன்தான். நீர்மட்ட அளவை வாங்கிப் பார்த்தேன், ஒரு சாண்கூடக் குறையவில்லை. திருத்தம் அனுப்பிவிட்டேன். முதல் அறிக்கையின் படம் மட்டும் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது.